டேப்லெட், கன்ட்ரோலர், ஒரு கட்டைவிரல்

மூணு மாசமா இந்தப் பக்கமே வரல. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. புடுங்கின ஆணியையே திரும்ப அடிச்சு, திரும்பப் புடுங்கச் சொல்றாங்க. அந்தக் கதை நமக்கு எதுக்கு? இன்னிக்குப் புலம்பப் போறது டேப்லெட்டுல கேம் கன்ட்ரோலர் வச்சு விளையாடறதைப் பத்தி. "கழுதை வயசாச்சு, இன்னும் கேமாடா?"ன்னு எங்கம்மா கேக்கற அதே கேள்வியைக் கேக்காம, கொஞ்சம் முழுசாப் படிங்க மக்களே.

மொதல்ல ஒரு சின்ன கொசுவத்தி.

நான் நாலாப்பு படிக்கும்போது எங்க ஆனையூர் வீட்டுல டிவியில சொருகற வீடியோ கேம் ஒண்ணு இருந்துச்சு. கேசட் மேல '9999 இன் 1'ன்னு போட்டிருக்கும். எண்ணிப் பாத்தா அஞ்சாறு ஆட்டம்தான், அதையே திரும்பத் திரும்ப அடுக்கி வச்சிருப்பான். படம் வரலைன்னா கேசட்டை உருவி, வாயால ஊதி, திரும்பச் சொருகணும். ஞாயித்துக்கிழமை ஆனா ரெண்டு தெரு தள்ளி இருக்கற சித்தி மகன் வந்துருவான். என்னைவிட ரெண்டு வயசு சின்னவன். கான்ட்ராவுல எனக்கு உசுரு தீர்ந்தா அவன் உசுருல ஒண்ணைக் கடன் வாங்குவேன். அந்தக் கடன் இன்னும் பாக்கி.

அப்போ நாங்க ஒரு தடவைகூட கையில இருக்கற பட்டனைக் குனிஞ்சு பாத்ததில்ல. கண்ணு டிவியில இருக்கும், கட்டைவிரலுக்குத் தானா வழி தெரியும். அப்புறம் நோக்கியா போன்ல பாம்பு ஓட்டினோமே, அதுவும் அப்படித்தான். 5-ம் நம்பர் பட்டன் மேல சின்னதா ஒரு மேடு இருக்கும், ஞாபகம் இருக்கா? அதைத் தொட்டா போதும், சுத்தி இருக்கற 2, 4, 6, 8 எங்கேன்னு கண்ணை மூடிக்கிட்டே சொல்லிரலாம். கம்ப்யூட்டர் கீபோர்டுல எஃப், ஜே மேல இருக்கற கோடும் அதுக்குத்தான்.

தொடுதிரை வந்துச்சு, அந்த மேடு போச்சு. வழவழன்னு ஒரு கண்ணாடி. அதுல வட்டம் போட்டு 'இதுதான் உன் ஜாய்ஸ்டிக்'னு சொல்லிட்டாங்க. நடுவுல இருக்கோமா, ஓரத்துக்கு வந்துட்டோமான்னு விரலுக்குத் தெரியாது. பாக்க வேண்டிய படத்தையும் விரலே பாதி மறைச்சுக்கும். இதுல நம்ம மதுரை வெயில் வேற. கண்ணாடிக்கு அடியில இருக்கற மின்புலத்தை நம்ம விரல் லேசா மாத்தும், அந்த மாத்தத்தை வச்சுத்தான் எங்க தொட்டோம்னு திரை கண்டுபிடிக்குது. வேர்வைத் துளியும் அதே வேலையைச் செய்யும். சித்திரை மாசத்துல ஃபேன் நின்னு போச்சுன்னா நீங்க தொடாத இடத்துல துப்பாக்கி வெடிக்கும். அதுக்குத்தான் பசங்க விரல்ல பவுடர் போட்டுக்கறதும், துணி உறை மாட்டிக்கறதும்.

இருந்தாலும் பழகிட்டோம். பழக முடியாதவங்களைப் பத்தி நான் யோசிச்சதே இல்ல, போன வருஷம் வரைக்கும்.

போன வருஷம் சித்தி மகனுக்குப் பட்டறையில பவர் பிரஸ்ல கை மாட்டிருச்சு. வலது கட்டைவிரல் மேல் கணுவோட போச்சு. ஆள்காட்டி விரல் பாதி. ஆஸ்பத்திரி, கட்டு, தையல் பிரிக்கறதுன்னு அலைஞ்ச கதையெல்லாம் எழுத மனசு வரல. நாலு மாசம் வீட்டுலயே இருந்தான். சாப்பாட்டை இடது கையில ஸ்பூன் வச்சுச் சாப்பிடப் பழகிட்டான். சட்டைப் பட்டன் போடப் பழகிட்டான். ஒண்ணு மட்டும் முடியல.

அவனும் கூடப் படிச்சவனுங்க அஞ்சு பேரும் தினம் ராத்திரி ஒம்பது மணிக்கு ஒரு சுடும் ஆட்டத்துல சேருவானுங்க. பேரு வேண்டாம். ஒருத்தன் திருப்பூர், ரெண்டு பேரு சென்னை, ஒருத்தன் கோயம்புத்தூர், ஒருத்தன் துபாய். ஆட்டம் ஒரு சாக்குதான். காதுல மைக்கை மாட்டிக்கிட்டு சம்பளம், பொண்ணு பாக்கறது, மேனேஜரைத் திட்டறதுன்னு எல்லாம் அங்கதான் ஓடும். எங்க தாத்தா காலத்துக்குத் திண்ணை எப்படியோ, இவனுங்களுக்கு அது அப்படி. அந்தத் திண்ணையில இவனுக்கு மட்டும் இடம் இல்லாமப் போச்சு. "சும்மா மைக்கை மட்டும் போட்டுப் பேசேன்டா"ன்னு கேட்டேன். "வேணாம்ணே, அவனுங்க எனக்காகப் பாவப்பட்டுக்கிட்டே ஆடுவானுங்க"ன்னான்.

சரி, நாம பொட்டி தட்டறவனாச்சே, ஒரு வழி பண்ணுவோம்னு மீனாட்சி பஜாருக்குப் போனேன். ரெண்டாயிரத்துக்குள்ள ஒரு ப்ளூடூத் கன்ட்ரோலர். பின்பக்கம் ரெண்டு பட்டன் கூடுதலா இருந்துச்சு. எந்த பட்டனோட வேலையையும் அதுக்கு மாத்திக்கலாம். வலது கையில அமுக்க முடியாத பட்டனையெல்லாம் அங்க நடுவிரலுக்குக் கொண்டு வந்தாச்சு. கண்ணாடின்னா விரலை எடுத்து எடுத்து சரியான இடத்துல வைக்கணும். ஸ்டிக்குக்கு அது வேண்டாம். மேல வச்சு சாய்ச்சாப் போதும், மீதி இருக்கற கட்டைவிரலே தாராளமாப் பத்துது. பத்து இஞ்ச் டேப்லெட்டை சித்தியோட அஞ்சறைப்பெட்டி மேல சாய்ச்சு வச்சோம். மொத நாள் அஸ்ஃபால்ட்ல கார் ஓட்டினான். மூணாவது ரேஸ்ல என்னை ஜெயிச்சுட்டான். "என்னண்ணே, பழைய உசுருக் கடனைக் குடுத்துருவோமா?"ன்னான். நாலு மாசம் கழிச்சு அவன் சிரிச்சதை அன்னிக்குத்தான் பாத்தேன்.

அடுத்த நாள் ராத்திரி ஒம்பது மணிக்கு அந்தச் சுடும் ஆட்டத்தைத் திறந்தோம். ஸ்டிக்கைத் தள்ளினா ஒண்ணும் நகரல. எந்த பட்டனுக்கும் அசையல. டேப்லெட்டுக்கு கன்ட்ரோலர் தெரியுது, ஆட்டம் அதைக் கண்டுக்கவே இல்ல. கன்ட்ரோலருக்கு அனுமதியே கிடையாதாம். பட்டனைத் தொடுதலா மாத்திக் குடுக்கற குறுக்குவழி ஆப்புகள் இருக்கு. மாட்டினா கணக்கையே முடக்கிருவாங்க. அஞ்சு வருஷமாச் சேத்த கணக்கு. அவன் ஒத்துக்கல.

இனிமேதான் என் கருத்து. திட்டறவங்க திட்டிக்கலாம்.

மொபைல் ஆட்டம் செய்யறவங்க கன்ட்ரோலரை வேணாம்னு சொல்றதுக்குத் தொழில்நுட்பக் காரணம்னு ஒண்ணும் இல்ல. ஆண்ட்ராய்டு 3.1-லேயே, அதாவது 2011-லேயே, கன்ட்ரோலருக்கு வழி பண்ணிட்டாங்க. ஆப்பிள் 2013-ல ஐஓஎஸ் 7-ல கொண்டு வந்துச்சு. 2019-ல பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்ட்ரோலரையே நேரா ஐபேடோட சேத்துக்கலாம்னு ஆச்சு. 2020-ல இருந்து எந்த பட்டன் எந்த வேலை செய்யணும்னு ஐபேட் செட்டிங்க்ஸ்லயே மாத்திக்கலாம்.

"கன்ட்ரோலர்காரனுக்கு சாதகமாயிரும், தொட்டு ஆடறவனுக்கு அநியாயம்"ங்கறது அடுத்த வாதம். நியாயமான கேள்விதான், ஆனா இதுக்கு விடை எப்பவோ கண்டுபிடிச்சாச்சு. கால் ஆஃப் டியூட்டி மொபைல் 2019 நவம்பர்லயே கன்ட்ரோலரை அனுமதிச்சுச்சு. கன்ட்ரோலர்காரங்களை கன்ட்ரோலர்காரங்களோடயே மோத விட்டுட்டாங்க. கம்ப்யூட்டர்ல எமுலேட்டர் போட்டு ஆடறவங்களை பப்ஜி மொபைல் 2018-லேயே இப்படித் தனியாப் பிரிச்சுச்சு. கீபோர்டு, மவுஸ் வச்சு ஆடறவனுக்கு ஒரு வரிசை போட முடிஞ்ச உலகத்துல, ரெண்டு விரல் இல்லாதவனுக்கு ஒரு வரிசை போட முடியாதா?

இன்னொண்ணும் சொல்றேன். நாலு விரலையும் திரையில வச்சு, டேப்லெட்டையே சாய்ச்சுக் குறி பாக்கற பசங்களை நான் பாத்திருக்கேன். அவனுங்க முன்னாடி சாதாரண கன்ட்ரோலர்காரன் நிக்கவே முடியாது. அப்புறம் யாருக்குச் சாதகம்?

"இந்தியாவுல எத்தனை பேர் கன்ட்ரோலர் வச்சிருக்கான், இதுக்குப் போய் மெனக்கெடணுமா?"ன்னும் கேப்பாங்க. இந்தியாவுக்குன்னு ஆட்டத்தை மாத்தறது புதுசு இல்ல. 2021-ல பிஜிஎம்ஐ வந்தப்போ ரத்தத்தோட நிறத்தையே பச்சையா மாத்தினாங்க. 2023-ல திரும்ப வந்தப்போ பதினெட்டு வயசுக்குக் கீழ இருந்தா நாளைக்கு 3 மணி நேரம், மத்தவங்களுக்கு 6 மணி நேரம்னு கடிகாரம் வச்சாங்க. மனசு வச்சா மாத்தலாம்னுதானே அர்த்தம்?

மைக்ரோசாஃப்ட் 2018-ல எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலர்னு ஒண்ணு விட்டாங்க. உள்ளங்கையால அமுக்கற மாதிரி ரெண்டு பெரிய கறுப்பு வட்டம், பின்னாடி 19 ஓட்டை. காலால, முழங்கையால, தாடையால எதால அமுக்க முடியுமோ அந்த சுவிட்சை அதுல சொருகிக்கலாம். கை இல்லாதவங்களும் திறக்கணும்னு அதோட அட்டைப்பெட்டியிலயே இழுக்கற வளையம் வச்சாங்க. அட்டைப்பெட்டிக்கு அம்புட்டு யோசிச்சிருக்காங்க. நான் மதுரையில எந்தக் கடையிலயும் அதைப் பாத்ததில்ல, அது வேற விஷயம்.

2025 ஏப்ரல் 30-ம் தேதி நம்ம உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு குடுத்துச்சு. அமிலத் தாக்குதல்ல கண்ணு பாதிச்சவங்களைப் போய், கேமரா முன்னாடி கண்ணைச் சிமிட்டினாத்தான் வங்கிக் கணக்குன்னா என்ன நியாயம்னு வந்த வழக்கு. டிஜிட்டல் சேவைகளை அணுகறதும் வாழ்வுரிமையோட ஒரு பகுதின்னு சொல்லிட்டாங்க. விளையாட்டுக்கெல்லாம் கோர்ட்டுக்குப் போங்கன்னு நான் சொல்ல வரல. சிமிட்ட முடியாதவங்களுக்கு வேற வழி வைக்கணும்னா, தொட முடியாதவங்களுக்கும் வைக்கணும்ல?

கன்ட்ரோலர் வாங்கப் போறவங்களுக்கு அனுபவஸ்தனா ரெண்டு வார்த்தை. நீங்க ஆடற ஆட்டம் கன்ட்ரோலரை ஏத்துக்குதான்னு மொதல்ல பாருங்க (நான் பண்ணின தப்பைப் பண்ணாதீங்க). ஸ்டிக் 'ஹால் எஃபெக்ட்'டான்னு கேளுங்க. பழைய வகையில உள்ள ஒரு தடம் உரசி உரசித் தேயும், கொஞ்ச நாள்ல நீங்க தொடாமலே ஆளு ஒரு பக்கமா நடந்து போவான். ஹால் எஃபெக்ட்டுல காந்தம்தான், உரசற வேலை இல்ல. அம்புட்டுதான்.

தம்பி இப்போ கால் ஆஃப் டியூட்டிக்கு மாறிட்டான். ஆட்டத்துக்கு வெளிய மெனுவை மட்டும் திரையைத் தொட்டுத்தான் மாத்தணும், அதை இடது கையில பாத்துக்கறான். ராத்திரி ஒம்பதுக்கு அஞ்சறைப்பெட்டியை எடுத்துட்டுப் போயிடறான்னு சித்தி திட்டுது. திருப்பூர்காரனும் துபாய்காரனும் அவனுக்காக அங்க வந்துட்டானுங்க. மத்த மூணு பேரு இன்னும் வரல.

டிஸ்கி: இந்தப் பதிவைத் தம்பிகிட்ட படிச்சுக் காட்டித்தான் போடறேன். "மூணாவது ரேஸ் இல்லண்ணே, ரெண்டாவது ரேஸ்லயே ஜெயிச்சுட்டேன்"னு திருத்தம் சொன்னான். பதிவுல மாத்த மாட்டேன் :-)