ஏடும் கணினியும்

சென்ற ஆண்டு இரண்டாந் தவணைப் பரீட்சை அணுகியிருந்த வேளையில் என் கணினி திடீரெனச் செயலிழந்தது. வன்தட்டு முற்றாகக் கெட்டதென்றும், அதிலிருந்தவற்றை மீட்டல் இயலாதென்றும் பழுதுபார்ப்பவர் கூறிவிட்டார். பன்னிரண்டு ஆண்டுகளாக யான் எழுதித் தொகுத்த இலக்கணப் பாடக் குறிப்புக்கள் அதனோடு அழிந்தன. வேறோரிடத்திற் படியெடுத்து வையாதது என் குற்றமே. கருவியை நோவதிற் பயனில்லை. ஆயினும், முன்னர் என்னிடம் கற்ற மாணவனொருவன் வகுப்பிற் கொடுத்த அச்சுத் தாள்களைத் தைத்துப் பேணியிருந்தான். இழந்தவற்றுள் ஒரு பகுதி அவனால் மீண்டது.

இதனால் அச்சு நூலே நிலைபேறுடையது, மின்னூல் நிலையற்றது என முடிவுகட்டுவார் உளர். அம்முடிபு எனக்கு உடன்பாடன்று. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அவை யாவும் தாளும் ஓலையுமே. பிறவிடங்களிற் படியிருந்தவற்றைத் தேடிப் பெறலாம். படியில்லாதவை போயின போயினவே. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் 1887இற் கலித்தொகையை அச்சேற்றியதும், ஏடுகள் செல்லரித்து அழிதலைக் கண்டு வருந்தியமையாலன்றோ? ஓலையாயினும் தாளாயினும் மின்னெழுத்தாயினும் ஒற்றைப் படியாய் இருப்பது அழிவின் வாயில் இருப்பதேயாம். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களைப் படியெடுத்து யாவர்க்கும் வழங்குதல் இக்காரணத்தாற் போற்றற்குரியது.

காத்தல் ஒன்று; கற்றல் மற்றொன்று. மின்னூல் வாசிப்புக் கருவி நூற்றுக்கணக்கான நூல்களை ஒரு கைக்குள் அடக்குகின்றது. பார்வை மங்கியோர்க்கு எழுத்தைப் பெருப்பித்துக் காட்டுகின்றது. ஒருமுறை மின்னேற்றினால் நெடுநாள் இயங்குதலின், 2022இல் நாம் பட்ட மின்வெட்டுத் துன்பமும் அதனைப் பெரிதும் தாக்காது. ஆயின், அந்நூல் முழுதும் நம்முடையதன்று. 2009இல் அமேசான் நிறுவனம், உரிமைச் சிக்கல் காரணமாக, வாசகர் விலைகொடுத்துப் பெற்ற ஜோர்ஜ் ஓர்வெல்லின் நூல்களைக் கிண்டில் கருவிகளிலிருந்து தானே நீக்கியது. பணம் மீண்டது, எனினும் அமெரிக்க மாணவனொருவன் அந்நூலுக்கு எழுதியிருந்த குறிப்புக்கள் மூலமின்றிப் பயனற்றுப் போயின. அலுமாரியிலுள்ள அச்சு நூலை அவ்வாறு எவரும் தொலைவிலிருந்து எடுத்துச் செல்லார்.

ஆதலின் மாணவர்காள், கருவியிற் பரந்து வாசியுங்கள். வாழ்நாள் முழுதும் திரும்பத் திரும்பக் கற்கவேண்டிய நூல்களை அச்சில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதுவது எதுவாயினும் ஈரிடத்திலேனும் படியெடுத்து வையுங்கள்.

பழைய மாணவர்க்கும் ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டு அலுமாரிகளிற் கல்லூரியின் பழைய மலர்கள் கிடக்கலாம். படியெடுத்தற்பொருட்டு அவற்றை ஒருமுறை இரவல் தந்துதவுங்கள். மூலம் உங்களிடமே மீளும். என் மாணவன் எனக்குச் செய்த உதவியை நீங்கள் நம் கல்லூரிக்குச் செய்தவராவீர்கள்.