15 வயதுக்கு எந்த நாவல்?

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏறினால் கொல்லிமலை. அங்கே குண்டூர் நாட்டில் 15 வயதுப் பையன் ஒருவன் கதைப் புத்தகம் வேண்டும் என்று கேட்டால், எதை எடுத்துக் கொடுப்பது?

சிங்கமும் நரியும் பேசுகிற கதையைக் கொடுத்தால் சிரிப்பான். பெரியவர்கள் படிக்கும் தொடர்கதையைக் கொடுத்தால், அதில் வருகிறவர்கள் பட்டணத்து மாடி வீட்டுக்காரர்கள். பாடப் புத்தகத்தில் அவனுடைய மலை உண்டு. ஒரே அம்பால் யானையையும் புலியையும் மானையும் துளைத்த வல்வில் ஓரியின் மலையாக உண்டு. மரவள்ளி மூட்டை சுமந்து போய், கிழங்கின் மாவுச்சத்தை ஆலைக்காரன் 'பாயிண்ட்' பார்த்து விலை சொல்வதை அப்பனுக்குப் பின்னால் நின்று பார்க்கிறானே, அந்தப் பையனின் மலையாக இல்லை.

குழந்தையுமல்லாத, முழு ஆளுமல்லாத இந்த வயதுக்கென்று மேல்நாடுகளில் தனி நாவல் வகையே உண்டு. 12 முதல் 18 வயது வரை என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அமெரிக்க நூலகத்தார் 1957இல் இவர்களுக்கென ஒரு பிரிவையே அமைத்தார்கள். 1967இல் வெளிவந்து புகழ்பெற்ற 'தி அவுட்சைடர்ஸ்' நாவலை எஸ்.இ. ஹின்டன் எழுதத் தொடங்கியபோது அவர் பள்ளி மாணவி. ஏழைப் பையன்கள் ஒரு கூட்டம், பணக்காரப் பையன்கள் ஒரு கூட்டம், நடுவே அடிதடி, சாவு. மாணவி எழுதிய கதையில் வர்க்கம் வந்துவிட்டது! பின்னால் இது பெரிய வியாபாரமாகி, இரத்தம் குடிக்கும் பேய்க்கும் பள்ளிப் பெண்ணுக்கும் காதல் என்று எழுதிப் பணம் குவித்ததும் இதே வகையில்தான்.

நம் பக்கத்தில் அப்படி எதுவும் இல்லையா? இருக்கிறது, அதுவும் இதே நாமக்கல் மாவட்டத்தில். திருச்செங்கோட்டுப் பக்கத்து மேட்டுக்காட்டைப் பற்றிப் பெருமாள்முருகன் எழுதிய 'கூளமாதாரி' 2000இல் வெளிவந்தது. பண்ணையத்தில் விடப்பட்டு ஆடு மேய்க்கும் அருந்ததியச் சிறுவன் கூளையன்தான் கதாநாயகன். பண்ணையக்காரரின் மகன் செல்வன் அவனோடு விளையாடுகிறான். அடுத்த நொடியே எஜமானாகிவிடுகிறான். தோழமைக்குள் சாதி எப்படிக் குடியிருக்கிறது என்பதை நூறு மேடைப் பேச்சு சொல்லாத விதத்தில் அந்த இரு பையன்களின் உறவு சொல்லிவிடுகிறது. சினிமாக் கொட்டகையில் வேலை பார்க்கும் பையன்களைப் பற்றிய அவருடைய 'நிழல்முற்ற'மும் (1993) இப்படிப்பட்டதே. ஆனால் இவை பெரியவர்களின் அலமாரியில் இருக்கின்றன. பையன் கையில் யார் கொடுக்கிறார்கள்?

"வசவு வருகிறது, காமம் வருகிறது, பிள்ளைகள் கெட்டுப் போவார்கள்" என்கிறார்கள் சில பெரிய மனிதர்கள். நல்லது. சுமங்கலித் திட்டம் என்று மங்களகரமாகப் பெயர் வைத்து, கலியாணச் செலவுக்கு மொத்தப் பணம் தருவதாக ஆசை காட்டி, வாலிபப் பெண்களை மூன்றாண்டு மில் விடுதிக்குள் அடைத்து வைத்தார்களே, அப்போது பிள்ளைகள் கெட்டுப் போவார்கள் என்று இவர்களில் எத்தனை பேர் கூவினார்கள்? 14 முடிந்து 18 ஆகாதவர்களை அபாயமற்ற வேலைகளில் வைத்துக்கொள்ள 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தமும் இடம் விட்டிருக்கிறது. வேலைக்கு வயது வந்துவிட்டது. வேலையைப் பற்றிய நாவலைப் படிக்க மட்டும் வயது வரவில்லையாம்!

ஆகவே இவ்வயதினரின் நாவலில் கூலி இருக்க வேண்டும். உடம்பும், காதலும், கட்டாயக் கலியாணமும் இருக்க வேண்டும். குழந்தைகள் மீதான பாலியல் தொல்லையைப் பேசிய யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020ஆம் ஆண்டுக்கான பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. பள்ளிக்கூடத்தில் சாதிக் கயிறு கட்டும் கொடுமையை விஷ்ணுபுரம் சரவணனின் 'கயிறு' பேசுகிறது. இவை சிறுவர்களுக்கான நூல்கள், நல்ல தொடக்கம். மீசை முளைக்கிற வயதுக்கு இதே துணிவோடு எழுதுவோர் மிகக் குறைவு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். முற்போக்கான கருத்து இருந்தால் போதும், கதை தானாக வந்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. கடைசி அத்தியாயத்தில் வாத்தியார் வந்து நியாயம் சொல்லும் புத்தகத்தைப் பையன் பாதியிலேயே மூடிவிடுவான். கிர்கீசிய எழுத்தாளர் ஐத்மாத்தவின் 'முதல் ஆசிரியர்' (1962) கதையைப் பாருங்கள். அதுவும் ஒரு மலைக்கிராமம். அரைகுறையாக எழுத்தறிந்த வாலிபன் தூய்ஷேன் ஒரு குதிரை லாயத்தைப் பள்ளிக்கூடமாக்குகிறான். அவனிடம் படித்த அநாதைப் பெண் அல்தினாயை உறவினர் இரண்டாந்தாரமாகத் தள்ளிவிடுகிறார்கள். அவன் அடிபட்டும் அவளை மீட்டு நகரத்துக்குப் படிக்க அனுப்புகிறான். அதில் உபதேசம் இல்லை. அடி இருக்கிறது, அவமானம் இருக்கிறது, ஓடைக் குளிர் இருக்கிறது. மலிவு விலையில் தமிழில் வந்த அத்தகைய சோவியத் நூல்களின் வரத்து 1991க்குப் பின் நின்றுபோயிற்று.

1948ஆம் ஆண்டு நூலகச் சட்டப்படி நம்மிடம் வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. அந்தப் பணத்தில் வாங்கும் புத்தகங்களில் இவ்வயதினருக்கென ஒரு பங்கு ஒதுக்க வேண்டும்; அது மலையிலுள்ள உண்டு உறைவிடப் பள்ளிகளின் விடுதிக்குள்ளேயே போய்ச் சேர வேண்டும்; பீரோவில் பூட்டிவைக்கக் கூடாது.

சர்க்கார் செய்யட்டும் என்று நாம் காத்திருக்கவும் வேண்டாம். சங்கப் படிப்பகங்கள் 'கூளமாதாரி'யில் ஒரு பிரதி வாங்கி, வேலைக்குப் போகும் வாலிபர்களையும் பள்ளி மாணவர்களையும் சேர்த்து உட்காரவைத்து, வாரம் ஓர் அத்தியாயம் உரக்கப் படிக்கலாம். எந்த இடத்தில் பையன்கள் எழுந்து போனார்கள், எந்த இடத்தில் பெண்கள் "மேலே படிங்க அண்ணா" என்றார்கள் என்பதைத் தோழர்கள் நமக்கு எழுதட்டும்.