பொன்னாடையும் கணக்கேடும்

கல்முனையிலும் அதன் அயலூர்களான சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூரிலும் வாலிபர் நலன் பேணுவதாகக் கூறும் தருமஸ்தாபனங்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றின் வரவு செலவைக் கண்ணாற் கண்டவர்களுக்குத்தான் பஞ்சம். தலைவரின் படம் பொறித்த பதாகை எழும், பொன்னாடை போர்த்தப்படும், பத்துப் பிள்ளைகள் வரிசையில் நிறுத்தப்பட்டு, புத்தகப்பை ஏந்தியபடி படம் பிடிக்கப்படுவர். தம் வறுமையை ஊரறியச் செய்தமைக்காக அப்பிள்ளைகள் நன்றியும் கூற வேண்டும்! இடக்கை அறியாமல் வலக்கை கொடுக்க வேண்டும் எனப் போதித்த மார்க்கத்தின் பெயராலேயே இது நடக்கிறது.

இதனைத் தலைமை என்று ஏற்க நாம் தயாரில்லை. போடியார் மனமிரங்கித் தம் வயற்காரனுக்கு ஒரு மரைக்கால் நெல் அளந்த காலத்து மனோபாவம் இது. நெல் போய்ப் புத்தகப்பை வந்திருக்கிறது, அவ்வளவே.

வேறொரு தலைமையையும் இதே கல்முனை கண்டிருக்கிறது. 1942இல், யப்பானியப் படையெடுப்பு அச்சமும் பர்மா அரிசி நின்றுபோன தட்டுப்பாடும் நாட்டைப் பிடித்திருந்த வேளையில், ஏ. எம். ஏ. அஸீஸ் உதவி அரசாங்க அதிபராக இங்கு அனுப்பப்பட்டார். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையிற் பிறந்தவர். இலங்கை சிவில் சேவையிற் சேர்ந்த முதல் முஸ்லிம். நெல் விளைவிப்பதே அவருக்கு இடப்பட்ட பணி. காட்டு நிலங்கள் அவர் காலத்தில் வயல்களாயின. ஆனால் கல்வியின்மை நீங்காமல் வயல் மட்டும் விளைந்து பயனில்லை என்பதையும் அவர் கண்டார். கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் அவ்வாறு பிறந்தது. அந்த அனுபவத்தின் விரிவே 1945இல் தோன்றிய இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி. 1950இல் அகில இலங்கை முஸ்லிம் வாலிபர் சங்கப் பேரவை உருவானபோதும் முன்னின்றவர் அவரே.

அஸீஸைச் சிலையாக்கி வணங்குவதும் பொன்னாடையின் மற்றொரு வடிவமே. ஆகவே அவரது நற்குணத்தை விட்டுவிடுவோம். உதவி இன்னாருடைய கையிலிருந்து வருகிறது என்ற நிலையை மாற்றி, ஒரு பொது நிதியிலிருந்து வருகிறது என்ற நிலையை அவர் உண்டாக்கினார். 1973இல் அவர் மறைந்தபோது நிதி அவரோடு மறையவில்லை.

நம்மவரிற் சிலர், தருமம் என்பது முதலாளியின் பாவமன்னிப்பு, வாலிபர் நலன் அரசின் கடமை என்று ஒரே வீச்சில் தள்ளிவிடுகின்றனர். கடமை அரசினதே, ஐயமில்லை. ஆயினும் இலவசக் கல்வி வந்த அதே 1945இல்தான் இந்நிதியும் தோன்றியது என்பதை இவர்கள் சிந்திக்கட்டும். கட்டணம் நீங்கியது, விடுதிச் செலவும் பயணச் செலவும் உடுபுடவையும் நீங்கவில்லை. அந்த இடைவெளியில் நிதிக்கு வேலை இருந்தது. அரசின் கடமையை மறைக்கும் திரையாக மாறும்போதுதான் ஸ்தாபனம் குற்றவாளியாகிறது.

இன்றைய இடைவெளி வேறு. 2004 டிசம்பர் 26இல் கடல் இக்கரையை அள்ளிச் சென்றது. இலங்கையில் மிக அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறையே. அன்று தாயை இழந்த குழந்தை இன்று வாலிபன். 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பின், குற்றமறியாத இளைஞனும் தன் பெயரைச் சொல்லக் கூசிய நாட்கள் வந்தன. பட்டம் பெற்றவன் வேலைக்குக் காத்திருக்கிறான். காத்திருக்க இயலாதவன் வளைகுடாவுக்கு விமானம் ஏறுகிறான். மனமுடைந்த மகளை வைத்தியரிடம் அழைத்துச் சென்றால் குடும்ப மானம் போய்விடும் என்று மூடிவைக்கிறோம். புத்தகப்பை இவற்றில் எதற்கு மருந்து? உளநல ஆலோசகர் ஒருவருக்கு மாதச் சம்பளம் கொடுத்தால் படம் பிடிக்க ஒன்றுமிராது. அதனாற்றான் அது கொடுக்கப்படுவதில்லை.

விளம்பரம் செய்தால் பிறரும் கொடுப்பர் என்பது தலைவர்களின் வாதம். கணக்கை வெளியிட்டால் இன்னும் அதிகமாகக் கொடுப்பர்! ஸகாத் ஏழையின் உரிமை என்றால், உரிமையுடையவன் கணக்குக் கேட்பதில் என்ன துடுக்கு? நிருவாக சபையில் இளைஞருக்கும் யுவதியருக்கும் வாக்குரிமையோடு ஆசனம் வேண்டும். பெறுபவரின் பெயர் வெளிவரலாகாது. கொடுத்த தொகை சதம் தவறாமல் வெளிவர வேண்டும். அடுத்த வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் ஆசிரியரும் மாணவரும் எழுந்து இவற்றைக் கேட்கட்டும். பொன்னாடைக்குச் செலவான தொகை கணக்கேட்டில் எந்தத் தலைப்பின் கீழ் எழுதப்பட்டிருக்கிறது என்பதிலிருந்தே தொடங்கலாம்.