நீடித்து உழைப்பது எது?

"மச்சி, வோல்டேஜ் ஏத்தி இறக்குற மாதிரி, ரெண்டு வருஷமாவது தாங்குற மாதிரி நல்ல வேப் ஒண்ணு சொல்லுடா."

கல்லூரிப் பையன்கள் நாலு பேர் கூடினால் இந்தக் கேள்வி ஏதாவது ஒரு மூலையில் வந்துவிடுகிறது. பதில் சொல்பவன் மொபைல் கடை சேல்ஸ்மேன் தோரணையில் ஆரம்பித்துவிடுவான். பேட்டரி இத்தனை எம்.ஏ.ஹெச்., உலோக பாடி, கீழே விழுந்தாலும் உடையாது, டிஸ்ப்ளேயில் வோல்டேஜ் தெரியும், டைப்-சி சார்ஜிங் உண்டு... கேட்டவனும் பரம திருப்தியாகத் தலையாட்டுவான். அது எதற்காக ரெண்டு வருஷம் உழைக்க வேண்டும் என்று மட்டும் ஒருத்தரும் கேட்பதில்லை.

காரைக்கால் பக்கம் திருவேட்டக்குடியில் இந்தப் பேச்சு நடந்தால் கூடுதலாகவே வெட்கப்பட வேண்டும். சம்பந்தர் பாடிய தலம் என்பதற்காக இல்லை (அந்த வெட்கம் பக்தர்கள் பாடு). புதுச்சேரி என்.ஐ.டி. என்று பெயர் வைத்துக்கொண்டு, புதுச்சேரியில் இல்லாமல் இந்த ஊரில் ஒரு கல்லூரி இருக்கிறதே, அதற்காக. 2010-ல் தொடங்கிய கல்லூரி. ஓம் விதியைப் பரீட்சைக்குப் படித்துத் தேறியவர்கள் இத்தனை பேர் ஒரு கடலோரக் கிராமத்தில் கூடியிருப்பது சாதாரண விஷயமில்லை. அப்படிப்பட்ட ஊரில்கூட "வோல்டேஜ் ஏத்தி வச்சா நல்லா வரும்" என்பதை ஒருவன் அப்படியே விழுங்கினால், அவன் படித்த படிப்பு என்னத்துக்கு?

கணக்கைப் போட்டே பார்க்கலாம். இந்தக் கருவியில் மர்மம் ஒன்றும் கிடையாது. ஒரு லித்தியம் பேட்டரி, ஒரு சர்க்யூட், சுருளாகச் சுற்றிய கம்பி, அதற்குள் பஞ்சு. பஞ்சு உறிஞ்சி வைத்திருக்கும் திரவத்தைச் சூடான கம்பி ஆவியாக்குகிறது. திரவம் என்பது புரோப்பிலீன் கிளைகால், கிளிசரின், ஏதோ ஒரு வாசனை, நிக்கோட்டின். ஹெர்பர்ட் கில்பர்ட் என்ற அமெரிக்கர் புகையில்லாத சிகரெட் ஒன்றுக்கு 1965-லேயே காப்புரிமை வாங்கினார், அப்போது யாரும் சீண்டவில்லை. 2003-ல் ஹான் லிக் என்ற சீன மருந்தாளுநர் உருவாக்கியதுதான் இன்றைய கருவிகளுக்கெல்லாம் தாத்தா.

லித்தியம் செல் முழு சார்ஜில் 4.2 வோல்ட், சராசரியாக 3.7 வோல்ட் கொடுக்கும். வோல்டேஜ் மாற்றுகிற மாடலில் நடுவில் இருக்கும் சர்க்யூட் அதை ஏற்றியோ இறக்கியோ கம்பிக்குத் தருகிறது. அவ்வளவுதான் விசேஷம். கம்பியின் தடை 2 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 3.7 வோல்ட்டில் திறன் 6.8 வாட். 4.8-க்கு ஏற்றினால் 11.5 வாட். வோல்டேஜ் ஏறியது 30 சதவீதம், திறன் ஏறியது கிட்டத்தட்ட 70 சதவீதம்!! வோல்டேஜின் வர்க்கத்தில் அல்லவா ஏறுகிறது? அதே 4.8 வோல்ட்டை 1 ஓம் கம்பிக்குக் கொடுத்தால் 23 வாட். ஆக, தடை எவ்வளவு என்று சொல்லாமல் "நாலரையில வை, சூப்பரா இருக்கும்" என்பவன், பாத்திரத்தில் எவ்வளவு பால் இருக்கிறது என்று பார்க்காமல் அடுப்பைக் கூட்டச் சொல்பவன். பொங்குமா, அடிப்பிடிக்குமா என்பது அவனுக்கே தெரியாது.

அடிப்பிடித்தால் என்ன ஆகும் என்பதையும் ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் போர்ட்லண்ட் ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் எழுதினார்கள். வோல்டேஜ் மாற்றும் கருவி ஒன்றை 3.3 வோல்ட்டில் இயக்கினால், ஃபார்மால்டிஹைடை வெளியிடும் சேர்மங்கள் அகப்படவில்லை. 5 வோல்ட்டில் அகப்பட்டன. (ஃபார்மால்டிஹைடு, புற்றுநோய் உண்டாக்கும் பொருள்கள் பட்டியலில் இருப்பது.) உடனே எதிர்ப்பும் வந்தது. அவ்வளவு சூட்டில் வாயெல்லாம் கருகின கசப்பு வரும், எவனும் இழுக்க மாட்டான் என்றார்கள். நியாயமான எதிர்ப்புதான். ஆனால் அதை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். எது வரை பத்திரம், எங்கே ஆபத்து என்று காட்ட நாக்கைத் தவிர வேறு மீட்டர் கிடையாது என்றுதானே அதற்கு அர்த்தம்? டிஸ்ப்ளே வோல்டேஜைக் காட்டும். பஞ்சு காய்ந்துவிட்டதா, கம்பி எத்தனை டிகிரியில் கொதிக்கிறது என்பதையெல்லாம் அது காட்டாது.

இன்னொன்று. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துக்காரர்கள், தினமும் வேப் இழுக்கும் 56 பேரிடம் அவரவர் கருவியை வாங்கிச் சோதித்து 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். பாட்டிலில் இருந்த திரவத்தில் உலோகம் சொற்பம். கம்பியைத் தாண்டி ஆவியாக வெளியே வந்தபோது ஈயம், நிக்கல், குரோமியம், மாங்கனீசு எல்லாம் கணிசமாகக் கூடியிருந்தன. கம்பியிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் ஊகம். 'தாங்கும்' கருவியின் உள்ளே இருக்கும் கம்பி எங்கே போய்ச் சேருகிறது பாருங்கள்.

இதில்தான் 'நீடித்து உழைக்கும்' என்ற வார்த்தையின் பித்தலாட்டம் தெரிகிறது. உழைப்பது வெளிக்கூடு மட்டும்தான். கம்பிச் சுருளும் பஞ்சும் ஓரிரு வாரத்தில் கருகிப்போகும், மாற்றியாக வேண்டும். திரவம் தீரத் தீர வாங்க வேண்டும். ஷேவிங் ரேசர் வியாபாரம் மாதிரிதான் இதுவும். கைப்பிடி ஆயுசுக்கும் வரும், பிளேடுக்குத்தான் மாசாமாசம் காசு. கூடு எவ்வளவு உறுதியோ அவ்வளவு காலம் வாடிக்கையாளரும் உறுதி. உறுதியான கூட்டைப் பரிந்துரைப்பவன், தெரிந்தோ தெரியாமலோ, கம்பிக்கும் திரவத்துக்கும் ரெண்டு வருஷ சந்தா கட்டச் சொல்கிறான்.

கடலோர ஊரில் அந்தக் கூடும் தாங்குமா என்பது தனிக் கதை. உப்புக் காற்றில் சைக்கிள் செயினே ஒரு மழைக்காலத்தைத் தாண்டத் திணறுகிற ஊரில், டேங்க் பேட்டரியோடு சேரும் திருகாணி முனையும் சார்ஜிங் ஓட்டையும் எத்தனை நாளைக்கு? முனையில் அழுக்கும் துருவும் சேர்ந்தால் தடை மாறும். தடை மாறினால் மேலே போட்ட கணக்கு மொத்தமும் மாறும். பேட்டரியைத் தனியாகக் கழற்றி மாட்டும் மாடல்களில் 18650 என்ற உருளை செல்லைப் போடுவார்கள். பழைய செல்லுக்குப் புது உறை சுற்றி, பெரிய நம்பரை அச்சடித்து விற்பது உலகம் பூராவும் நடக்கிற திருட்டு. அந்த செல் வெடித்தால் பட்டாசு வெடித்த மாதிரி இருக்காது. அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் 2018-லும், டெக்சாஸில் 2019-லும் வேப் வெடித்து ஆளே செத்திருக்கிறார்கள்.

சரி, நல்ல கம்பெனிப் பொருளாகப் பார்த்து வாங்கினால் போச்சு என்பார்கள். எங்கே வாங்குவது? 2019 செப்டம்பர் 18-ல் மத்திய அரசு அவசரச் சட்டம் போட்டு, அதே டிசம்பரில் அது முழுச் சட்டமாகவும் ஆகிவிட்டது. இ-சிகரெட்டைத் தயாரிப்பது, இறக்குமதி செய்வது, கொண்டுபோவது, விற்பது, இருப்பு வைப்பது, விளம்பரம் செய்வது எல்லாமே குற்றம். முதல் முறை விற்று மாட்டினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே. மறுபடி மாட்டினால் 3 ஆண்டு வரை சிறையும் 5 லட்சம் வரை அபராதமும். இருப்பு வைத்ததற்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இழுப்பதற்கென்று தனியாகத் தண்டனை எழுதவில்லை, அதனால் "நமக்கென்ன" என்று சிலருக்குத் தெம்பு. ஆனால் விற்பவனுக்கு பில் கிடையாது, வாரண்டி கிடையாது, சர்வீஸ் சென்டர் கிடையாது. பில்லே இல்லாத பொருளில் எது ஒரிஜினல், எது டூப்ளிகேட் என்று தரம் பிரித்துப் பேசுவது சுத்தக் கூத்து :)

காரைக்காலுக்கு இன்னொரு வழியும் உண்டு, பிரான்ஸ் வழி. பிரெஞ்சுக் குடியுரிமையோடு பாரிஸ் பக்கம் போய்விட்ட குடும்பங்கள் இந்தப் பகுதியில் நிறைய. அங்கே வேப் சட்டப்படி கடையில் கிடைக்கிறது. "மாமா லீவுக்கு வர்றாரு, ஒண்ணு எடுத்துட்டு வரச் சொல்லு" என்பது சுலபமாகத் தோன்றும். மருமகன் ஆசைப்பட்டானே என்று வாங்கி வரும் மனிதரும் அந்தச் சட்டப்படி இறக்குமதிக் குற்றவாளிதான். ஆசையாக வரும் மாமாவுக்குச் செய்யும் மரியாதையா இது?

எதிர்த்தரப்பில் ஒரு நல்ல வாதம் இருக்கிறது, அதை மறைத்துப் பிரயோஜனமில்லை. சிகரெட் புகையோடு ஒப்பிட்டால் வேப்பில் கெடுதல் குறைவு என்று இங்கிலாந்து மருத்துவத் துறை பல வருஷமாகச் சொல்கிறது. சிகரெட்டை விடுவதற்கு நிக்கோட்டின் பட்டை, சூயிங்கத்தைவிட இது உதவுகிறது என்று காக்ரேன் ஆய்வுத் தொகுப்பும் சொல்கிறது. ஒத்துக்கொள்ளலாம். ஆனால் அங்கே ஒரு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் நிக்கோட்டின்தான் உச்சவரம்பு, டேங்க் 2 மில்லிக்கு மேல் கூடாது, பாட்டில் 10 மில்லிக்கு மேல் கூடாது, திரவத்தில் என்ன இருக்கிறது என்று அரசிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த வாதம் நிற்பதே இந்தக் கட்டுப்பாடுகளின் மேல்தான். கட்டுப்பாடு இல்லாத சரக்கு என்ன செய்யும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2019-ல் அமெரிக்காவில் நுரையீரல் வெந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள், 2020 பிப்ரவரி வரையிலான கணக்குப்படி, 2,807 பேர். செத்தவர்கள் 68 பேர். பெரும்பாலும் கஞ்சாச் சத்து கலந்த கள்ளச்சந்தைக் குப்பிகளில், கெட்டியாக இருக்கட்டும் என்று எவனோ சேர்த்த வைட்டமின் ஈ அசிட்டேட்தான் முக்கியக் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். இந்தியாவில் கையில் கிடைப்பது எல்லாமே கள்ளச்சந்தைக் குப்பிதான். இங்கிலாந்துச் சான்றிதழை இதன்மேல் ஒட்டினால் ஒட்டுமா?

போகட்டும், வாழ்நாளில் ஒரு சிகரெட்கூடத் தொடாத முதலாமாண்டுப் பையனுக்கு 'சிகரெட்டைவிடக் கெடுதல் குறைவு' என்பது என்ன கணக்கு? அவனுக்கு ஒப்பிட வேண்டியது சிகரெட் புகையா, மண்டபத்தூர் கடற்கரைக் காற்றா?

அரசாங்கமும் யோக்கியம் இல்லை. 2016-17 கணக்கெடுப்பில், பெரியவர்களில் 28.6 சதவீதம் பேர் ஏதோ ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்தினார்கள். இ-சிகரெட் பயன்படுத்தியவர்கள் 0.02 சதவீதம். 0.02-ஐத் தடை செய்துவிட்டு மிச்சத்துக்கு வரி போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவசரச் சட்டம் அறிவித்த அன்று சிகரெட் கம்பெனிகளின் பங்கு விலை ஏறியது, ஐ.டி.சி.யில் எல்.ஐ.சி.க்குக் கணிசமான பங்கு உண்டு. கல்விக்கூடத்தைச் சுற்றி 100 கஜத்துக்குள் சிகரெட் விற்கக்கூடாது என்று 2003-லேயே சட்டம் இருக்கிறது. அந்த 100 கஜத்தை யார் அளந்தார்கள்? இதையெல்லாம் சொல்லி அரசைத் திட்டுவது சரி. ஆனால் அங்கிருந்து "அதனால நான் வேப் வாங்கறேன்" என்று ஒரு தாவு தாவுகிறார்களே, அது எந்த லாஜிக்? பக்கத்து வீட்டுக்காரன் சாராயம் விற்கிறான் என்பது, பில் இல்லாத சரக்கைக் குடிக்கக் காரணமாகாது.

சிகரெட்டை விடத்தான் கேட்கிறேன் என்று உண்மையாகவே ஒருவன் சொன்னால், அவனுக்குப் பதில் இருக்கிறது. மருந்துக்கடையில் நிக்கோட்டின் சூயிங்கம் கிடைக்கிறது. 2 மில்லிகிராமா 4 மில்லிகிராமா என்று அட்டையிலேயே போட்டிருக்கும், தயாரித்தவன் பெயரும் முகவரியும் இருக்கும், வாங்கினால் பில்லும் கொடுப்பார்கள். 1800-11-2356 என்ற இலவச எண்ணில் விடுவதற்கு வழி சொல்கிறார்கள். அந்த எண்ணைத் தேடிக்கூட அலைய வேண்டாம், 2018 செப்டம்பரில் இருந்து சிகரெட் பெட்டியிலேயே அச்சடித்து வருகிறது.