நீறு பூத்த நெருப்பு

காலில் முள் தைத்தால் அந்த இடம் சிவக்கிறது, வீங்குகிறது, சுடுகிறது, வலிக்கிறது. இந்த நான்கு அடையாளங்களையும் முதல் நூற்றாண்டிலேயே ரோமானியரான செல்ஸஸ் எழுதி வைத்திருக்கிறார். டாக்டர்கள் இதற்கு அழற்சி என்று பெயர் சொல்லுகிறார்கள். நம்மில் பலர் இதையே நோய் என்று எண்ணி அஞ்சுகிறோம். உண்மையில் இது நோயன்று. தேகத்தைக் காக்க நடக்கும் போராட்டம்.

1882-ல் இத்தாலியின் மெஸ்ஸினா நகரில் தங்கியிருந்த ருஷ்ய விஞ்ஞானி மெச்னிகாப், கண்ணாடி போன்ற உடலையுடைய நட்சத்திர மீன் குஞ்சினுள் ரோஜா முள்ளைச் செருகி வைத்தார். மறுநாள் காலையில், ஊர்ந்து செல்லும் உயிரணுக்கள் அந்த முள்ளைச் சூழ்ந்து முற்றுகையிட்டிருக்கக் கண்டார். நோய் எதிர்ப்பைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1908-ல் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது.

முள்ளை எடுத்துவிட்டால் இந்தப் படை கலைந்துவிடும். எடுக்காவிட்டால் கலையாது. மாதக் கணக்கிலும் வருஷக் கணக்கிலும் தேகத்திற்குள்ளேயே பாசறை அடித்துக்கொண்டு நிற்கும். எதிரியைத் தாக்க வந்த சேனை சொந்த வீட்டையே சேதப்படுத்தத் தொடங்கும். இதுதான் நாட்பட்ட அழற்சி. வெளியே வீக்கமும் இல்லை, வலியும் இல்லை. உள்ளே ரத்தக் குழாய்களின் சுவர் கெடுகிறது, இன்சுலின் செய்ய வேண்டிய வேலை தடைப்படுகிறது. ஒருவர் மாரடைப்பால் சாய்ந்தால், "நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தார்!" என்று அங்கலாய்க்கிறோம். நீறு பூத்த நெருப்பு நம் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் எடுபடாத முட்கள் எவை? பீடி, சிகரெட்டின் புகை ஒன்று. தொந்தி மற்றொன்று. தொந்தியைச் செல்வத்தின் அடையாளமாகக் கருதிய காலம் உண்டு. ஆனால், வயிற்று உறுப்புகளைச் சுற்றிச் சேரும் கொழுப்பு வெறும் சுமையன்று; அழற்சியைத் தூண்டும் ரசாயனங்களை ரத்தத்தில் ஓயாமல் கலந்துகொண்டே இருக்கிறது. பல் ஈறுகளில் சீழ், தூக்கக் குறைவு, உட்கார்ந்தே கழியும் பொழுது ஆகியவையும் முட்களே.

மருந்தால் இந்த நெருப்பை அணைத்துவிட முடியாதா? அதையும் பார்த்துவிட்டார்கள். ஒருமுறை மாரடைப்பு கண்ட சுமார் 10,000 பேரிடம் நடத்திய பெரிய பரிசோதனையின் முடிவு 2017-ல் வெளியாயிற்று. கொலஸ்டிராலைக் குறைக்காமல் அழற்சியை மட்டும் தணிக்கும் ஊசி மருந்தால், மாரடைப்பும் பக்கவாதமும் போன்ற ஆபத்துகள் சுமார் 15 சதவிகிதம் குறைந்தன. ஆனால், தொற்று நோய்களால் இறந்தவர்களின் தொகை சற்றுக் கூடிற்று. காவற்படையின் கையைக் கட்டினால் கள்ளனுக்குத்தானே கொண்டாட்டம்? கடையில் கேட்டு வாங்கி நாள்தோறும் விழுங்கும் வலி மாத்திரையோ வயிற்றைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் கெடுக்கக் கூடியது. சமையலுக்கு மஞ்சள் நல்லதுதான். ஆனால் மஞ்சள் மாத்திரையை விழுங்கிவிட்டுப் புகை பிடிப்பவருக்கு அது என்ன செய்ய முடியும்?

ஆகவே முள்ளை எடுப்பதே வழி. புகையிலையை அறவே விட வேண்டும். வாரத்திற்கு 150 நிமிஷம், அதாவது ஐந்து நாள் அரைமணி வீதம், விரைந்து நடக்க வேண்டும். தட்டில் சோற்றின் அளவைக் குறைத்து, கீரை, காய், பருப்பு, சிறுதானியம் ஆகியவற்றைக் கூட்ட வேண்டும். மீன் உண்பவர்களுக்கு மலிவான மத்தி மீனே போதும். எண்ணெய்ப் பலகாரமும் இனிப்புப் பானமும் பண்டிகை நாளோடு நிற்கட்டும். இரவில் ஏழு மணி நேரமாவது உறங்க வேண்டும். இருவேளை பல் துலக்க வேண்டும். சரவாங்கி, காசம் போன்ற நோய் உள்ளவர்கள் டாக்டர் கொடுத்த மருந்தை இவற்றுக்காக நிறுத்திவிடக் கூடாது.

இவ்வளவையும் தனி மனிதன் தலையில் மட்டும் சுமத்திவிடுவது நியாயமாகாது. "நடங்கள்" என்கிறார் டாக்டர். எங்கே நடப்பது? நடைபாதையைக் கடைகளும் வாகனங்களும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. கல்வி நிலையங்களைச் சுற்றி 100 கஜ தூரத்திற்குள் புகையிலை விற்கலாகாது என்று 2003-ம் வருஷத்துச் சட்டம் சொல்லுகிறது. சட்டம் ஏட்டில் இருந்தால் போதுமா? 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டிருக்கிறது. இதற்கு மேலும் ஆஸ்பத்திரிகளைக் கட்டிக்கொண்டே போவதா, நடைபாதைகளைச் செப்பனிடுவதா என்பதை நகராட்சிகள் யோசிக்க வேண்டும். இரண்டாவதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

அரசாங்கம் செய்ய வேண்டியதை அரசாங்கம் செய்யட்டும், கேட்டு வாங்குவோம். அதுவரையில், மொட்டை மாடியிலாவது அரைமணி நேரம் நடக்க யாருடைய உத்தரவும் தேவையில்லை அல்லவா?