கூட்டப் பறப்பும் கணிப்பொறி ஒத்திகையும்

இராமநாதபுரத்தினின்று தொண்டிக்குச் செல்லும் கடற்கரைச் சாலையில், தேவிபட்டினத்துக்கு வடக்கே உப்பூர் என்னும் சிற்றூர் உளது. வெயிலுகந்த விநாயகர் கோயிலாலும், ஊர்ப்பெயருக்கு ஒத்த உப்பளங்களாலும் அதனை அறிந்தோர் பலர். மாலை வேளையில் அவ்வூர்ப் புறத்தே நிற்போர், கடற்காவல் செய்யும் சிறு விமானம் ஒன்று பாக்கு நீரிணையின் மேல் செல்வதை இடையிடையே காண்பர். உச்சிப்புளியில் கடற்படைக்கு ஒரு விமானத் தளம் உண்டு. 2009-ஆம் ஆண்டில் அதற்குப் ‘பருந்து’ என்று தமிழ்ப் பெயரே சூட்டினர் என்பது நமக்கு உவப்பான செய்தி.

தனியே பறத்தல் ஒரு கலை. பலர் கூடிப் பறத்தல் மற்றொரு கலை. முன்னதில் வல்லவர் பின்னதிலும் வல்லவராவர் என்று எண்ணுதல் பிழை. தனியே செல்வோன் தன் யந்திரத்தையும் வானிலையையும் வழியையும் நோக்கினாற் போதும். கூட்டத்திற் செல்வோனுக்கோ, இவற்றோடு தன் தோழனே ஓர் அபாயமாகின்றான். ஆதலின், சிறு விமானங்களில் கூடிப் பறக்க விரும்புவோர் முன்னரே அதனைக் கணிப்பொறியில் ஒத்திகை பார்த்தல் தகும் என்பது நம் கொள்கை. ஆயினும், இக்காலத்து இளைஞர் அவ்வொத்திகையை நடத்தும் முறையில் ஒரு பெருங்குறை உண்டென்பதும் நம் கொள்கையே. அக்குறையை நம் அனுபவத்தினின்றே எடுத்துரைப்போம்.

தரையில் அமர்ந்தே பறக்கக் கற்பிக்கும் சூழ்ச்சி புதிதன்று. அமெரிக்க நாட்டில் பிங்காம்டன் என்னும் நகரில் ஆர்கன் வாத்தியம் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தவரின் மகன் எட்வின் லிங்க் என்பவர், பறக்கக் கற்பதற்கு ஆகும் செலவைக் கண்டு மலைத்து, தந்தையின் தொழிற்கூடத்துத் துருத்திகளையும் வால்வுகளையும் கொண்டே 1929-ஆம் ஆண்டில் ஒரு பயிற்சி விமானம் செய்து முடித்தார். ஆர்மோனியத்துக்கு இசை தரும் துருத்தி எத்தகையதோ, அத்தகைய துருத்தியே அவ்விமானத்தைச் சாய்க்கவும் நிமிர்த்தவும் செய்தது. முதலில் அதனை வாங்கியோர் வேடிக்கைப் பூங்காக்காரரே! 1934-ஆம் ஆண்டில் அந்நாட்டுப் படையினர் தபால் மூட்டைகளை விமானத்திற் கொண்டு செல்லும் பொறுப்பை ஏற்றனர். பனியிலும் இருளிலும் பறந்து பழகாத விமானிகள் பலர் சில வாரங்களுக்குள் மாண்டனர். அதன் பின்னரே படைத்தலைவர்களின் கண் திறந்தது. அவ்வாண்டிலேயே லிங்கின் பெட்டிகள் ஆறு வாங்கினர். இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் பதினாயிரத்துக்கும் மேற்பட்டவை செய்யப்பட்டன. வேடிக்கைப் பொருளைக் கல்விக் கருவியாகக் கண்டுகொள்வதற்கு அத்தனை உயிர்கள் செலவாயின என்பதை, ‘கணிப்பொறியில் பறத்தல் வீண் பொழுதுபோக்கு’ என்று கடிந்துகொள்ளும் பெரியோர் நினைவிற் கொள்வாராக.

நிற்க. 1982-ஆம் ஆண்டு முதல் மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் வீட்டுக் கணிப்பொறியில் பறக்கும் பாவனையை விற்று வருகின்றனர். 2020-ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் புதுப்பதிப்பில், வானினின்று எடுத்த படங்களைக் கொண்டு நிலவுலகம் முழுவதையும் வரைந்துள்ளனர். சென்ற விடுமுறையில் நாம் நால்வர் இராமநாதபுரத்தில் ஒரு நண்பர் வீட்டில் கூடி, நான்கு கணிப்பொறிகளை இணைத்து, மதுரையினின்று பாம்பனுக்குக் கூட்டமாகப் பறப்பதென்று முடிவு செய்தோம். நால்வரும் ஏறியது செஸ்னா 172 என்னும் நான்கு பேர் அமரும் சிறு விமானம். தலைவர் முன்னே, இரண்டாமவர் அவருக்கு வலப்புறம் சற்றுப் பின்னே, மூன்றாமவர் இடப்புறம், நாம் எல்லார்க்கும் பின்னே. மதுரையினின்று ஏறத்தாழக் கிழக்கு நோக்கி அரைமணி நேரம் சென்று, உப்பூர் உப்பளங்கள் வெள்ளைக் கட்டங்களாகத் தோன்றும் இடத்தில் வலப்புறம் திரும்பி, கரையோரமாகவே கால்மணி நேரத்தில் பாம்பனை அடைதல் வேண்டும் என்பது ஏற்பாடு. சொந்த ஊர்ப்பக்கத்தை மேலினின்று கண்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. அம்மகிழ்ச்சியே எம்மைக் கெடுத்ததோ என்னவோ!

உப்பூரில் திரும்பினோம். செஸ்னாவில் இறக்கை விமானியின் தலைக்கு மேலே இருப்பது. வலப்புறம் திரும்புங்கால் வலது இறக்கை தாழும். தாழ்ந்த இறக்கை அப்பக்கத்துக் காட்சியை மறைத்துவிடும். இடப்புறத்திலிருந்த மூன்றாமவர்க்குத் தலைவர் இவ்வாறு மறைந்து போனார். ‘இப்பொழுது தெரிவார், இப்பொழுது தெரிவார்’ என்று அவர் திரும்பிக்கொண்டே வந்து, தலைவர் மேலேயே மோதினார். திரையில் இரு விமானங்களும் சிதறின. நாம் அனைவரும் கைகொட்டிச் சிரித்தோம். ஒரு பொத்தானை அழுத்தியவுடன் மாண்ட இருவரும் வானில் மீண்டும் தோன்றினர். பாம்பன் சேர்ந்தோம்.

சிரியாதவர் ஒருவரே. அவர் இரண்டாம் விமானத்தை ஓட்டியவர். உப்பூரை அடுத்த மோர்ப்பண்ணையில் மீன்பிடிக்கும் குடும்பத்தினர். “எங்கள் ஊரில் நான்கு படகு சேர்ந்து போகும்போது, காற்றில் பிரிந்தால் யார் எப்பக்கம் விலகுவது, எங்கே கூடுவது என்பதைக் கரையிலேயே பேசிவிடுவார்கள். நாம் பாம்பனில் எப்படி இறங்குவது என்பது வரையில் பேசினோம், ஒருவரை ஒருவர் காணாவிட்டால் என்ன செய்வது என்பதைப் பேசவில்லையே” என்றார்.

இச்சொற்களைக் கேட்டபொழுது, பெங்களூரை அடுத்த எலகங்காவில் நிகழ்ந்த துயரம் நம் நினைவிற்கு வந்தது. நம் விமானப்படையின் ‘சூரியகிரண்’ குழுவினர் 1996-ஆம் ஆண்டு முதல் கூட்டப் பறப்பில் பெயர் பெற்றவர்கள். 2019-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் நாள், மறுநாள் தொடங்கவிருந்த விமானக் கண்காட்சிக்காக அவர்கள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கையில், இரண்டு ஹாக் விமானங்கள் ஒன்றோடொன்று மோதி வீழ்ந்தன. இருவர் குதித்து உயிர் தப்பினர், ஒருவர் மாண்டார். அவர்கள் பயிற்சியில் குறைந்தோர் அல்லர். பல ஆண்டுகள் பழகியவர்கள். அத்தகையோர்க்கும் நேர்ந்தது அது. எமக்கோ ஒரு பொத்தானும் ஒரு சிரிப்பும்.

கணிப்பொறியால் ஆகாதது எது என்பதையும் அறிதல் வேண்டும். நெருங்கிப் பறக்கும் வித்தையை அது கற்பிக்கமாட்டாது. ஏனெனில், ஒருவர் கருவியை அசைத்த செய்தி மற்றவர் திரைக்கு வந்து சேரச் சிறிது நேரம் பிடிக்கிறது. மணிக்கு 185 கிலோமீட்டர் வேகத்திற் செல்லும் விமானம், ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு கழிவதற்குள் 10 மீட்டர் கடந்துவிடும். செஸ்னாவின் இறக்கை முழு நீளமும் 11 மீட்டரே. நேரே செல்லுங்கால் யந்திரம் தானே கணக்கிட்டு இக்குறையை மறைத்துவிடுகிறது. திரும்புங்கால் கணக்குத் தவறி, தோழன் இருக்கும் இடம் ஒன்றும் திரையில் தோன்றும் இடம் ஒன்றுமாகிறது. பக்கக் கண்ணால் பார்க்கும் பார்வையும், முன் செல்லும் விமானம் கலக்கிவிட்ட காற்றின் அதிர்ச்சியும் மேசைமேல் கிடைப்பதில்லை. ஆகவே, திரையில் இறக்கையோடு இறக்கை உரசப் பறந்து பழகியோம் என்று ஒருவர் வானில் அதனைச் செய்யத் துணிவாராயின், அவர்க்கு அவ்வொத்திகை நன்மையன்று, தீமையே.

அது கற்பிக்கத் தக்கது வேறு. எந்த வரிசையில் கிளம்புவது, தலைவர் எச்சொல்லைச் சொன்னால் எதனைச் செய்வது, ஒருவர் பின்தங்கினால் யார் பொறுப்பது, காணாமற் போனால் எப்பக்கம் விலகுவது, எத்தனை அடி உயரத்தில் தனித்து நிற்பது என்னும் உடன்பாடுகளே அவை. இவற்றிற்குக் கணிப்பொறியும் அவசியம் என்று சொல்லமாட்டோம். சாகசம் காட்டும் பெருங்குழுவினரும் பறப்பதற்கு முன் நாற்காலிகளில் அமர்ந்து, தலைவன் கட்டளைகளைச் சொல்லச் சொல்ல, கையசைவாலும் மனத்தாலும் முழுப்பறப்பையும் ஒருமுறை நடத்திப் பார்க்கின்றனர். நம் கல்லூரி விளையாட்டு மைதானத்தில் நால்வர் கைகளை நீட்டிக்கொண்டு நடந்து பார்த்தாலும் பாதி விளங்கிவிடும். காண்போர் நகைப்பர், நகைக்கட்டும். தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவிற் சேர்ந்து, மைக்ரோலைட் என்னும் சிறு விமானத்தில் ஏறும் பேறு பெறும் மாணவர்க்கு இதனைச் சிறப்பாக வேண்டிக்கொள்கிறோம். கணிப்பொறி வாங்கும் பொருள் இல்லாதோரும் இதனாற் பயன் பெறலாம்.

ஆயினும் நடந்து பார்த்தலில் இல்லாத ஒன்று கணிப்பொறியில் உண்டு. அங்கே தவறு, தவறாகவே முடிகிறது. மைதானத்தில் இருவர் தோள் இடித்துக்கொண்டால் விலகிக்கொள்வர். திரையிலோ விமானம் சிதறுகிறது. அம்முடிவை உடனே துடைத்துவிடும் பொத்தானைத்தான் நாம் குறை கூறுகிறோம். பறப்பைத் தொடங்கியவர் அனைவரும் எப்படியும் பாம்பன் சேர்வர் என்றால், உப்பூரில் நிகழ்ந்ததை யார் நினைப்பார்? “விளையாட்டுத்தானே, இன்பத்தைக் கெடுப்பதேன்?” என்பாரும் உளர். விளையாடுவதற்காக விளையாடுவோரை நாம் தடுக்கவில்லை. ஒத்திகை என்று பெயர் சொல்லி அமர்வோர்க்கே நம் சொல்.

நண்பர் கூறியதைக் கொண்டு நால்வரும் ஒரு விதி செய்தோம். திரையில் மாண்டவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட வேண்டும். ஏனையோர் பாம்பனில் இறங்கும் வரையில் அவர் வாய் திறக்கலாகாது. அதன் பின் நடந்ததை முதலிற் சொல்லுபவர் அவரே. கேட்பதற்கு எளிய விதி. இரண்டாம் மாலை, முன்னாள் மோதிய அச்சத்தால் மூன்றாமவர் உப்பூருக்கு முன்னரே வேகத்தைக் குறைத்துப் பின்வாங்கி, பின்னே வந்த எம்மீது மோதினார். அவரும் நாமும் எழுந்தோம். கால்மணி நேரம் சுவரோரம் நின்று, எமது வெற்று நாற்காலிகளையும், எஞ்சிய இருவர் ஒன்றும் பேசாது கரையோரம் செல்வதையும் பார்த்துக்கொண்டிருந்தோம். விளையாட்டில் நமக்கு அத்தனை நெடிய கால்மணி நேரம் இதற்கு முன் வாய்த்ததில்லை. அன்று இரவு வெகுநேரம் பேசினோம். தலைவரைக் காணாதவர் உடனே “காணவில்லை” என்று சொல்லித் திருப்பத்துக்கு வெளியே விலகி, 500 அடி மேலேறி, தலைவர் அழைத்தாலன்றிச் சேரலாகாது என்று எழுதிக்கொண்டோம். அவ்வாறு விலகுவோர்க்கு வழிவிட்டுப் பின்னவர் எத்தனை தூரம் தள்ளி வருவது என்பதிலே நெடிய வாதம் நிகழ்ந்தது; அதனை ஈண்டு விரிப்பின் பெருகும்.

மூன்றாம் மாலை உப்பளங்கள் தோன்றின. தலைவர் திரும்பினார். மூன்றாமவர் விமானம் வலப்புறம் சாய்ந்தது. “காணவில்லை” என்ற குரல் கேட்டது. அவர் இடப்புறம் கடலை நோக்கி விலகி மேலேறினார். நாம் மூவரும் பாம்பனில் பாலத்தைச் சுற்றிக்கொண்டிருக்கையில், இரண்டு நிமிடம் கழித்து அவர் தனியே வந்து சேர்ந்தார்.