50% ஹைக் கொடுத்த சக்கரவர்த்தி

சம்பளம் ஒரே தடவையில் 50% ஏறினால் யாருக்குத்தான் கசக்கும்? ரோமப் பேரரசர் கராகல்லா தன் படைவீரர்களுக்கு ஏறத்தாழ அந்த அளவு ஏத்திக் கொடுத்தார். கி.பி. 211-ல், கூட ஆண்ட தம்பி கேட்டாவைக் கொன்றுவிட்டுத் தனியாக ஆட்சியைப் பிடித்தவர். படை கைவிட்டால் அவர் கதை முடிஞ்சுது.

சரி, பணம் எங்கிருந்து வந்தது? வாரிசுச் சொத்து மீதான வரியை 5%-லிருந்து 10% ஆக்கினார். 212-ல், பேரரசில் அடிமை அல்லாத ஏறக்குறைய எல்லாருக்கும் ரோமக் குடியுரிமை கொடுத்தார். பெருந்தன்மை மாதிரிதான் தெரியும். ஆனா அந்த வரியைக் கட்ட வேண்டியது குடிமக்கள்! அந்தக் கால வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ இதைத்தான் காரணமாச் சொல்றார். ஆடிட்டர் புத்தி, எனக்கும் அப்படித்தான் தோணுது.

அதுவும் போதவில்லை. 215-ல் ஒரு புது வெள்ளிக் காசு வந்தது. இன்றைக்கு அதை அன்டோனினியானஸ் என்கிறோம். வழக்கமான தினாரியஸ் காசில் பேரரசர் தலையில் இலை மாலை இருக்கும். இதில் சூரியக் கதிர் கிரீடம். மதிப்பு இரண்டு தினாரியஸ் என்று கருதப்படுகிறது. உள்ளே இருந்த வெள்ளியோ சுமார் ஒன்றரை தினாரியஸ் அளவுதான். மீதி அரை, அரசாங்கத்துக்கு லாபம். பே-ஸ்லிப்பில் எண் ஏறும், காசில் வெள்ளி இறங்கும்.

"அப்போ தங்கம் வாங்கிப் போடுங்க" என்று இந்தக் கதையை வைத்தே சிலர் வீடியோ போடுவாங்க. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு ராத்தல் தங்கத்தில் 45 காசு அடித்த இடத்தில் 50 அடித்தவரும் இதே கராகல்லாதான். காசில் இருக்கும் உலோகம் எதுன்னு பார்த்தா மட்டும் போதாது, எடையையும் பாருங்க. உங்க ஹைக்கும் அப்படித்தான்: 8% ஏறி, வாடகையும் ஸ்கூல் ஃபீஸும் 10% ஏறினா, அது ஹைக்கே இல்லை.

217-ல் கராகல்லா கொல்லப்பட்டார். அடுத்து வந்த மக்ரினஸ் தினாரியஸில் வெள்ளியைக் கொஞ்சம் கூட்டினார். இருக்கிற வீரர்கள் சம்பளத்தில் கை வைக்காமல், புதுசா சேர்றவங்களுக்கு மட்டும் பழைய சம்பளம் என்றார். நம்ம ஊர் ஃபிரெஷர் பேக்கேஜ் மாதிரியே! படை முறைத்துக்கொண்டது. 14 மாதத்தில் பதவியும் போச்சு, உயிரும் போச்சு.